ராஜபாளையம் நாயில் குட்டி எடுக்கப் போகிறீர்களா? இணை சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

வீட்டில் ராஜபாளையம் பெட்டை ஒன்று இருக்கிறது. இரண்டு வயதாகப் போகிறது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. "குட்டி போட்டால் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள்" என்று நாலு பேர் சொல்லி வைத்துவிட்டார்கள். பக்கத்து ஊரில் நல்ல கடுவன் ஒன்று இருப்பதாகத் தகவலும் வந்துவிட்டது. அடுத்த ஹீட்டில், அதாவது பெட்டை இணைக்குத் தயாராகும் பருவத்தில், கிராஸ் விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல்முறை குட்டி எடுப்பவர்களின் கவலை பெரும்பாலும் பிரசவத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். பரிசோதனை என்று சொன்னால், குட்டி பிறந்த பிறகு டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டுவது என்று புரிந்துகொள்கிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் முக்கியமான பரிசோதனைகள் எல்லாம் தாய்க்கும் தகப்பனுக்கும் செய்ய வேண்டியவை. அதுவும் ஹீட் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஹீட் வந்துவிட்டால் கையில் இருப்பது பத்துப் பன்னிரண்டு நாள்தான். அதற்குள் எக்ஸ்ரே எடுத்து, இரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வாங்கி முடிப்பது நடக்காத காரியம். அப்படியே ரிப்போர்ட் வந்தாலும், கடுவன்காரரிடம் பேசி நாள் குறித்த பிறகு "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

ராஜபாளையத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றில் ஒன்று இது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் தனி இனமாகப் பதிவு செய்திருக்கும் நாட்டு நாய்களிலும் இது உண்டு. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறையே இதற்காக இனப்பெருக்கப் பிரிவு நடத்தி வந்திருக்கிறது. இவ்வளவு பெருமை உள்ள இனத்தில், காது கேட்காத குட்டிகள் பிறப்பது வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும், காதைச் சோதித்துவிட்டு இணை சேர்ப்பவர்கள் குறைவு. வேறு இனம் வைத்திருப்பவர்களுக்கும் படிகள் இவைதான். எந்த நோயைத் தேடுகிறோம் என்பது மட்டும் இனத்துக்கு இனம் மாறும். அதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

முதலில் சிப்

எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் நாய்க்கு மைக்ரோசிப் போட்டுவிடுங்கள். தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அதில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். ஸ்கேனரைக் காட்டினால் எண் தெரியும், அவ்வளவுதான்.

இது எதற்கு என்றால், வெள்ளை நாய்களை போட்டோவில் பிரித்தறிய முடியாது. "அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சு" என்று ஒருவர் ஒரு தாளைக் காட்டினால், அது அந்த நாயின் தாள்தானா என்று உறுதி செய்ய வேறு வழி கிடையாது. பரிசோதனை நாளன்று டாக்டரையே ஸ்கேன் செய்யச் சொல்லி, எண்ணை ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரே என்றால் படத்திலேயே எண் பதிந்திருக்க வேண்டும். எண் இல்லாத ரிப்போர்ட்டை நான் ரிப்போர்ட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கும் சிப் தேவைப்படும்.

சட்டத்தையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். குட்டி எடுத்து விற்பவர்களுக்கு மத்திய அரசின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் 2017 பொருந்தும். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தமிழ்நாடு அரசும் 2024-இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. உங்கள் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் விண்ணப்ப விவரங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

வம்சத்தை விசாரியுங்கள்

இதற்குப் பைசா செலவில்லை. ஆனால் பொறுமை வேண்டும். உங்கள் பெட்டையை யாரிடம் வாங்கினீர்களோ அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். அந்த ஈத்தில் மொத்தம் எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தன, ஏதாவது செவிடா, வலிப்பு வந்ததா, இளம் வயதில் திடீரென்று செத்த நாய் உண்டா, பெட்டைக்கு முன்பு சினை கலைந்திருக்கிறதா? குற்றம் கண்டுபிடிக்கும் தொனியில் கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "நானும் குட்டி எடுக்கலாம் என்று இருக்கிறேன், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கொட்டித் தீர்ப்பார்கள். கடுவன் பக்கமும் இதே கேள்விகள்தான்.

இரு பக்கமும் பாட்டன் பாட்டி வரை பெயர்களை எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு பக்கமும் வருகிறதா? சொந்தத்துக்குள் சேர்ப்பதன் அளவை உள்ளினக் கலப்பு என்பார்கள். அண்ணன் தங்கையை இணை சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு அது 25 சதவீதம். தகப்பனை மகளோடு சேர்த்தாலும் 25 தான். தாய் மட்டுமோ தகப்பன் மட்டுமோ ஒன்றாக உள்ள உடன்பிறப்புகளைச் சேர்த்தால் 12.5. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளைச் சேர்த்தால் 6.25. இந்த எண் ஏற ஏற, இரண்டு பக்கமும் மறைந்து கிடக்கும் ஒரே கெட்ட மரபணு ஒரே குட்டியிடம் சேரும் வாய்ப்பும் ஏறும். ஈத்தில் குட்டிகளின் எண்ணிக்கையும் குறையும்.

நாட்டு நாய்களில் இந்தச் சிக்கல் பெரியது. ஒரு வட்டாரத்தில் பெயர் வாங்கிய கடுவன் ஒன்று இருந்தால், சுற்றுப்பட்டில் உள்ள பெட்டைகள் எல்லாம் அதனிடமே போகும். நாலைந்து வருடத்தில் அந்த வட்டாரத்து நாய்கள் அத்தனையும் சொந்தமாகிவிடும். அதனிடம் ஒரு குறை இருந்தால் அது ஊர் முழுக்கப் பரவியிருக்கும். ஆகவே பெயர் பெற்ற கடுவனைவிட, கொஞ்சம் தூரத்தில் இருக்கும், சொந்தமில்லாத, பரிசோதித்த கடுவன் மேல். நூறு கிலோமீட்டர் வண்டி எடுத்துப் போக வேண்டியிருந்தாலும் போகலாம்.

காது: ராஜபாளையத்தில் தவறவே விடக்கூடாத பரிசோதனை

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம்.

தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற நிறமிச் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். உள்காதில் இரத்த நாளங்கள் நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. அது சரியாக வேலை செய்ய இந்தச் செல்கள் தேவை. வெள்ளை முடியைக் கொடுக்கிற மரபணுக்கள் இந்தச் செல்கள் உடம்பெங்கும் பரவுவதைக் குறைத்துவிடுகின்றன. உள்காதுவரை அவை போய்ச் சேரவில்லை என்றால் படலம் சுருங்கும். பிறந்து 3, 4 வாரத்துக்குள் ஒலியை உணரும் செல்கள் செத்துவிடும். செத்தது திரும்ப வராது. மருந்து கிடையாது. இந்தக் காதுகேளாமை ராஜபாளையத்துக்கு மட்டும் உரியதல்ல. டால்மேஷன், வெள்ளை புல் டெரியர், டோகோ அர்ஜென்டினோ என்று வெள்ளை நிறத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்கள் பலவற்றிலும் உண்டு.

குட்டிக்குக் காதுத் துவாரம் திறக்கவே இரண்டு வாரம் ஆகும். செல்கள் சாவது 3, 4 வாரத்தில். அதனால் ஐந்து வாரத்துக்கு முன்னால் செய்கிற எந்தக் காதுப் பரிசோதனையையும் நம்ப முடியாது. மூன்று வாரத்தில் கை தட்டினால் திரும்பிப் பார்த்த குட்டி, ஆறு வாரத்தில் செவிடாக இருக்கலாம்.

அடுத்து, ஒற்றைக் காது விவகாரம். காதுகேளாமை இரண்டு காதிலும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவில் டால்மேஷன்களை ஆயிரக்கணக்கில் சோதித்துப் பார்த்ததில், சுமார் 8 சதவீதத்துக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. சுமார் 22 சதவீதத்துக்கு ஒரு காது மட்டும் கேட்கவில்லை. அதாவது முழுச் செவிடு ஒன்று இருந்தால், ஒற்றைச் செவிடு கிட்டத்தட்ட மூன்று. முழுச் செவிட்டுக் குட்டியை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒற்றைக் காது கேட்கிற நாயைக் கண்டுபிடிக்க முடியாது. கூப்பிட்டால் வரும். கேட் சத்தம் கேட்டால் குரைக்கும். காவலுக்கும் நன்றாகவே இருக்கும். அதனால் அதை நல்ல நாய் என்று எடுத்து இணை சேர்ப்பார்கள். குறை அடுத்த தலைமுறைக்குப் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஒற்றைக் காது கேட்காத நாயையும் இனப்பெருக்கத்துக்கு எடுக்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி பேயர் பரிசோதனை. கைக்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கச் செய்யும் பெரா பரிசோதனை தெரிந்திருக்கும். நாய்க்குச் செய்வதும் அதேதான். நடப்பது இப்படி: குட்டியை ஒருவர் மடியிலோ மேசையிலோ துண்டின் மேல் அணைத்துப் பிடித்துக்கொள்வார். உச்சந்தலையில் ஒன்று, ஒவ்வொரு காதுக்கு முன்னாலும் ஒன்று என்று மெல்லிய ஊசி மின்முனைகளைத் தோலுக்கடியில் செருகுவார்கள். குட்டி ஒரு சிணுங்கு சிணுங்கும். பிறகு பெரும்பாலும் மறந்துவிடும். பால் குடித்த மயக்கத்தில் இருந்தால் தூங்கியே விடும். ஒரு காதுக்குள் சின்ன இயர்போன் வைத்து டிக் டிக் என்ற ஒலியை நூற்றுக்கணக்கான முறை விடாமல் அனுப்புவார்கள். காது கேட்டால், ஒவ்வொரு டிக்குக்கும் செவி நரம்பிலிருந்து மூளைக்கு ஒரு மின்துடிப்பு போகும். கணினி அவற்றையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுக்கும். திரையில் நாலைந்து முகடுகளோடு அலைக்கோடு வரும். கேட்காத காதுக்கு வெறும் படுத்த கோடு. அப்புறம் மறு காது. மயக்க மருந்து குட்டிகளுக்குப் பொதுவாகத் தேவைப்படாது; வளர்ந்த நாய்க்கு லேசாகக் கொடுக்க வேண்டியிருக்கலாம். வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும், ஏனென்றால் பிறவிக் குறை பின்னால் மாறாது.

இந்தக் கருவி எல்லா ஊரிலும் இருக்காது. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், சென்னை என்றால் வேப்பேரியில், போன் செய்து கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஒரே நாளில் தாய், தகப்பன் இரண்டையும் கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

கருவி கிடைக்கும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஐந்து வாரம் முடிந்த குட்டியைத் தனியாக ஒரு அறையில் தூங்க விடுங்கள். கூடப்பிறந்தவை பக்கத்தில் இருக்கக் கூடாது. செவிட்டுக் குட்டி மற்றவற்றைப் பார்த்து எழுந்துவிடும், நாம் கேட்டு எழுந்தது என்று நினைத்துவிடுவோம். நன்றாகத் தூங்கியதும், அதன் கண்ணில் படாத இடத்திலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள், எவர்சில்வர் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டுங்கள். தரையைத் தட்டவோ மிதிக்கவோ கூடாது, அதிர்வு போய்ச் சேரும். முகத்துக்கு அருகில் கை தட்டக் கூடாது, காற்று படும். மூன்று நான்கு முறை வெவ்வேறு நாளில் செய்தும் எழவில்லை என்றால் இரண்டு காதும் சந்தேகம். எழுந்தால் ஒரு காதாவது கேட்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் இந்தச் சோதனையிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற தாய் தகப்பனுக்கும் செவிட்டுக் குட்டி பிறக்கலாம். இது ஒற்றை மரபணுவால் வருவதல்ல. வெளியில் தெரியாமல் சுமந்து வரலாம். பரிசோதித்த ஜோடிக்கு வாய்ப்பு குறையும், பூஜ்யம் ஆகாது. டால்மேஷனில் கண்டுபிடித்த இன்னும் இரண்டு விஷயங்கள்: பிறக்கும்போதே உடம்பில் நிறத் திட்டோடு பிறக்கும் குட்டிகளில் செவிடு குறைவு, நீலக் கண் குட்டிகளில் அதிகம். ராஜபாளையத்தில் காதோரமோ முதுகிலோ பழுப்புத் திட்டு இருந்தால் "கலப்பு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பால் வெள்ளைதான் அசல் என்று வெள்ளையோடு வெள்ளையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டு போனதற்கு இந்தக் காதுகள்தான் விலை கொடுத்தன என்பது என் உறுதியான கருத்து. காது நன்றாகக் கேட்கிற, உடல்வாகு சரியாக உள்ள திட்டுப்போட்ட குட்டியை வீசி எறியாதீர்கள்.

எலும்பு, கண், இதயம்

பின்னங்கால் இடுப்பு மூட்டு தளர்வது லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் போன்றவற்றில் தலையாய பிரச்சினை. கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி ஓட்ட நாய்களில் மிகக் குறைவு. ராஜபாளையம் கனமான நாய் என்பதால் ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் நேராக நீட்டி, முழங்கால்களை உள்பக்கமாகத் திருப்பி எடுக்க வேண்டும். இடுப்பு சாய்ந்து விழுந்த படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மறுபடி எடுக்கச் சொல்லத் தயங்காதீர்கள். அமெரிக்காவில் 1966 முதல் இயங்கும் ஓஎஃப்ஏ அமைப்பு இரண்டு வயது முடிந்த நாய்க்குத்தான் இறுதிச் சான்று தரும். பிரிட்டன் முறையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 53 வரை மதிப்பெண். குறைவாக இருந்தால் நல்லது. நாமும் இரண்டு வயதுவரை காத்திருந்து எடுப்பதே சரி.

எக்ஸ்ரேக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் வைத்திருப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். உடம்பில் கொழுப்பே இல்லாத ஓட்ட நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்துகள் சீக்கிரம் இறங்காது. எது பாதுகாப்பானது என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மூட்டு விஷயத்தில் மரபு பாதி, வளர்ப்பு பாதி. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்த ஓர் ஆய்வில், ஒரு பாதிக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவைக்கு மூட்டுக் கோளாறு குறைந்தது. இடைநிலை ஆயுளும் 11.2 வருடத்திலிருந்து 13 வருடமாக நீண்டது. குட்டியைக் கொழுக் கொழுவென்று வளர்ப்பதில் பெருமை இல்லை.

கண்ணுக்கு, மருந்து விட்டுப் பாவையை விரித்து விழித்திரையைப் பார்ப்பார்கள். லாப்ரடார், காக்கர் ஸ்பேனியலில் விழித்திரை மெல்ல அழிந்து குருடாகும் நோய் உண்டு. அதற்கு டிஎன்ஏ பரிசோதனையும் இருக்கிறது. இதயத்துக்கு எல்லா இனத்திலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பது குறைந்தபட்சம். டாபர்மேன் என்றால் அது போதாது: எக்கோவும், இதயத் துடிப்பைப் பதிய 24 மணி நேரம் மாட்டி வைக்கும் ஹோல்டர் கருவியும் ஆண்டுதோறும் வேண்டும். அந்த இனத்தில் இதயத் தசை நோய் வெளியே தெரியாமல் வளர்ந்து திடீரென்று கொல்லும்.

இரத்தமும் தொற்றும்

மரபு நோய்களைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். நம் ஊர்ச் சூழலில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புருசெல்லா கேனிஸ் என்ற கிருமி இணை சேரும்போது பரவும். பெட்டைக்குச் சினை ஏறக்குறைய 45 நாளைத் தாண்டியதும் கலையும். கடுவனுக்கு விதை வீங்கும், பிறகு மலட்டுத்தன்மை வரும். பல நாய்களில் எந்த அறிகுறியும் இருக்காது. ஆண்டிபயாட்டிக் கொடுத்தாலும் முழுதாகக் குணமாகும் என்று நம்ப முடியாது, தடுப்பூசியும் கிடையாது. மனிதர்களுக்கும் தொற்றும். எனவே இரண்டு நாய்க்கும் இணை சேர்ப்பதற்கு முன் இரத்தப் பரிசோதனை கட்டாயம். ஒரு முக்கியமான எச்சரிக்கை: மாடுகளுக்குச் செய்யும் ரோஸ் பெங்கால் பரிசோதனையில் இந்த நாய்க் கிருமி தெரியாது. "புருசெல்லா டெஸ்ட்" என்று பொதுவாகச் சொல்லாமல், கேனிஸுக்கு உரிய பரிசோதனை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கலைந்த கருவை ஒருபோதும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

அடுத்தது இணைசேர்க்கையில் பரவும் கட்டி. தெருநாய்களிடம் நிறையப் பார்க்கலாம். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலச் சிவந்த சதை வளரும், இரத்தம் சொட்டும். இது கிருமியால் வருவதல்ல. கட்டியின் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாயிடம் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. ஹீட்டில் இருக்கும் பெட்டைக்கு இரத்தம் வருவது இயல்பு என்பதால் இந்தச் சொட்டு இரத்தம் கண்ணுக்குத் தப்பிவிடும். ஹீட் முடிந்தும் சொட்டுகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். கடுவனையும் ஆண்குறி உறையைப் பின்னுக்குத் தள்ளி முழுதாகப் பார்க்க வேண்டும். வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். குணமாகும்வரை இணை சேர்க்கக் கூடாது.

மூன்றாவது உண்ணிக் காய்ச்சல். அதைக் கொடுக்கும் எர்லிச்சியா, பபீசியா கிருமிகள் நம் ஊரில் எங்கும் இருக்கின்றன. பார்க்கத் தெம்பாக இருக்கும் நாயிடமும் எர்லிச்சியா மறைந்திருக்கும், பிளேட்லெட் குறைந்திருக்கும். அந்த நிலையில் பிரசவம் ஆனால் இரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். முழு இரத்த எண்ணிக்கை, பிளேட்லெட், இரத்தப் பூச்சு (இரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) ஆகிய மூன்றையும் கேளுங்கள். எண் கொஞ்சம் மாறியிருந்தால் பதறவும் வேண்டாம்: கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாய்களுக்கு இயல்பாகவே சிவப்பணு கூடுதலாகவும் பிளேட்லெட் குறைவாகவும் இருக்கும்.

தடுப்பூசியும் பூச்சி மருந்தும் இணை சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சினையானபின் டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகள் போடக் கூடாது.

டிஎன்ஏ பரிசோதனையை எப்படிப் புரிந்துகொள்வது

கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் நூற்றுக்கணக்கான நோய்களுக்கு ரிப்போர்ட் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருப்பவர்களுக்கு, அந்த இனத்துக்கென்று நிரூபிக்கப்பட்ட சில பரிசோதனைகள் உண்மையிலேயே பயன்படும். லாப்ரடாருக்கு விழித்திரை நோயும், ஓடினால் பின்னங்கால் மடிந்து விழும் நோயும் அப்படிப்பட்டவை.

நாட்டு நாய்க்கு நிலைமை வேறு. அந்தப் பட்டியலில் உள்ள மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் மேல்நாட்டு இனங்களில் கண்டுபிடித்தவை. ராஜபாளையத்துக்கு "எல்லாம் கிளியர்" என்று தாள் வந்தால், லாப்ரடார், கோலி போன்ற இனங்களுக்கு வருகிற நோய்கள் இல்லை என்றுதான் அர்த்தம். வெள்ளை நிறத்தோடு வரும் இந்தக் காதுகேளாமைக்கு டிஎன்ஏ பரிசோதனையே கிடையாது. அந்தப் பணத்தை பேயருக்கும் புருசெல்லாவுக்கும் செலவழியுங்கள்.

டிஎன்ஏ முடிவில் "கேரியர்" என்று வந்தால் பயப்பட வேண்டாம். கெட்ட மரபணு ஒரு பிரதிதான் இருக்கிறது, நாய்க்கு நோய் வராது. கேரியரை கிளியரோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் கேரியராக இருக்கும். இரண்டு கேரியரைச் சேர்த்தால்தான் நாலில் ஒரு பங்குக்கு நோய் வரும். கேரியர்களை எல்லாம் ஒதுக்கினால், எண்ணிக்கை குறைவான இனம் இன்னும் குறுகும். நல்ல கேரியரை கிளியரோடு சேர்த்து, குட்டிகளைச் சோதித்து, அதிலிருந்து கிளியரை எடுத்து முன்னே போவதுதான் விவேகம்.

முடிவெடுப்பது

எல்லா ரிப்போர்ட்டையும் மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். சில விஷயங்களில் பேச்சுக்கே இடமில்லை: புருசெல்லா இருந்தால், ஒரு காது கேட்காவிட்டால், வலிப்பு இருந்தால், இடுப்பு மூட்டு மோசமாக இருந்தால், காரணமில்லாமல் கடிக்கும் குணம் இருந்தால், அந்த நாயை இணை சேர்க்கக் கூடாது. அது வீட்டு நாயாக எவ்வளவு அருமையாக இருந்தாலும் சரி. கருத்தடை செய்துவிட்டு வீட்டிலேயே சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை எடை போட்டுப் பார்க்க வேண்டியவை. மூட்டு சுமார் என்றால் மூட்டு மிக நன்றாக இருக்கும் ஜோடி தேடலாம். இரண்டு பக்கமும் ஒரே குறை இருக்கக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் என்றால் சிகிச்சை முடித்து, எண்கள் தேறி, அடுத்த ஹீட்டுக்குத் தள்ளிப் போடலாம். ஒரு ஹீட் தவறுவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

கடுவன்காரர் "என் நாய்க்கு இதெல்லாம் தேவையில்லை, இதுவரை ஐம்பது பெட்டைக்கு விட்டிருக்கிறேன்" என்று சொன்னால், அந்த ஐம்பதில் எத்தனை பெட்டைகளுக்கு இரத்தப் பரிசோதனை நடந்தது என்று யோசியுங்கள். வணக்கம் சொல்லிவிட்டு வேறு கடுவன் தேடுங்கள்.

குட்டிகள் பிறந்த பிறகு

பிறந்ததும் ஒவ்வொரு குட்டியின் வாயையும் திறந்து அண்ணம் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து பூச்சி மருந்து, டாக்டர் சொல்லும் அளவில். ஐந்து வாரம் முடிந்ததும் காது. ஆறு வாரத்திலிருந்து தடுப்பூசி.

ஒரு நோட்டுப் போடுங்கள். தாய், தகப்பன் சிப் எண், இணை சேர்த்த தேதி, பிறந்த குட்டிகள், இறந்தவை, ஒவ்வொன்றின் நிறமும் கண்ணும், இடது காது, வலது காது. செவிட்டுக் குட்டி பிறந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்தால் உங்கள் பெயர் கொஞ்ச நாள் தப்பும். ஆனால் அதே ஜோடியை அடுத்தவர் மறுபடி சேர்ப்பார். உங்களுக்குக் கடுவன் கொடுத்தவரிடமும் முடிவைச் சொல்லிவிடுங்கள்.

செவிட்டுக் குட்டியைக் கொல்ல வேண்டியதில்லை, தெருவில் விடவும் கூடாது. கை சைகைக்கு அது நன்றாகவே பழகும். தூங்கும்போது திடீரென்று தொடாமல் எழுப்பப் பழக வேண்டும். சுற்றுச்சுவர் உள்ள வீடு, வெளியே போனால் எப்போதும் கயிறு. வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் இந்தக் கடைசி விதியில் விட்டுக்கொடுக்கவே முடியாது. விஷயத்தை முழுதாகச் சொல்லி, பணம் வாங்காமல், பொறுப்பான ஆளிடம் கொடுங்கள். கருத்தடை செய்வதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றைக் காது குட்டி யாருக்கும் சாதாரணமாகவே வளர்ப்பு நாயாக இருக்கும். அதற்கும் கருத்தடை நிபந்தனை உண்டு.

குட்டியை ஒப்படைக்கும்போது சிப் எண், தடுப்பூசி அட்டை, அந்தக் குட்டியின் காது ரிப்போர்ட், தாய் தகப்பன் ரிப்போர்ட்களின் நகல் ஆகியவற்றை ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். உங்கள் போன் நம்பரையும் எழுதி, "இரண்டு வயது ஆகும்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் மறந்தாலும் நீங்கள் கூப்பிடுங்கள். அதே பெட்டையில் அடுத்த ஈத்து எடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்தப் பதில்கள் கைக்கு வந்த பிறகு முடிவு செய்யலாம்.